விதிநூல்கள் சேர்கின்றன, ஆட்டம் நின்றுவிடுகிறது: டேபிள்டாப் கற்பனை ஆட்டங்களை நடத்துவதும் சேகரிப்பதும்

தொடக்கப் பதிவு

வணக்கம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டங்களை (ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து கதாபாத்திரங்களாக ஆடுபவை) நடத்துபவர்களிடமும், அவற்றின் நூல்களையும் மினியேச்சர்கள் என்னும் சிறு உருவங்களையும் சேகரிப்பவர்களிடமும் சேர்த்தே கேட்க வேண்டிய கேள்வி இது. இரண்டையும் ஒரே ஆர்வமாகத்தான் பேசுகிறோம். ஆனால் நடைமுறையில் ஒன்றுக்கான நேரத்தையும் பணத்தையும் மற்றொன்று எடுத்துக்கொள்கிறது. பல அமர்வுகளாகத் தொடரும் ஒரு கதை, அதாவது ஒரு கேம்பெயின், பாதி வழியில் இருக்கும்போதே இன்னொரு உலகத்தின் நூல் வெளியாகிறது. அதை வாங்கிப் படித்து முடிப்பதற்குள், ஆட்டக்காரர்கள் கடைசியாகக் கூடி வாரங்கள் பல ஆகிவிடுகின்றன. அலமாரியில் இருக்கும் சாகசங்களை (நூலாக வரும் ஆயத்தக் கதைகளை) எல்லாம் நடத்தி முடிக்க ஒரு வாழ்நாள் போதாது என்பது இந்த ஆட்டத்தில் சில ஆண்டுகள் இருந்த எவருக்கும் தெரியும்.

பதிப்புகள் மாறுவது இந்தச் சிக்கலை இன்னும் பெரிதாக்குகிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய முதல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் மூன்று சிறு நூல்கள் கொண்ட ஒரு பெட்டியாக வந்தது. 1977 முதல் 1979 வரை அதன் விரிவான வடிவமான 'அட்வான்ஸ்டு' வரிசையின் மூன்று அடிப்படை நூல்கள் வந்தன. 1989-இல் இரண்டாம் பதிப்பு, 2000-இல் மூன்றாம் பதிப்பு, 2003-இல் அதன் திருத்தம், 2008-இல் நான்காம் பதிப்பு, 2014-இல் ஐந்தாம் பதிப்பு, 2024-இல் ஐந்தாம் பதிப்பின் திருத்தப்பட்ட விதிகள் என்று வரிசை நீள்கிறது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் முந்தைய நூல்கள் என்ன ஆகும், குழு எதை ஏற்கும், எதை மீண்டும் வாங்க வேண்டியிருக்கும் என்ற கேள்விகள் எழுகின்றன.

ஒரு குழுவைத் தொடர்ந்து நடத்துவதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எதை வாங்குவது என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? பழைய நூல்களையும் உலோக உருவங்களையும் எப்படிப் பாதுகாக்கிறீர்கள்? விரிவான மறுமொழிகளை எதிர்பார்க்கிறேன்.

மறுமொழி 1 (நெடுங்காலமாக ஆட்டம் நடத்துபவர்)

முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் அதுவே அடிப்படை. இந்த ஆட்டத்தில் உண்மையிலேயே அரிதான பொருள் ஒன்றுதான்: நான்கைந்து பேர் ஒரே நாளில், ஒரே வேளையில், மூன்று நான்கு மணி நேரம் சேர்ந்து உட்காருவது. வேறு எது கிடைக்காமல் போனாலும் மாற்று உண்டு. இதற்கு மாற்று இல்லை. ஆகவே கேம்பெயினைத் திட்டமிடும்போது கதையிலிருந்து தொடங்காமல் நாட்காட்டியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கிழமையை ஒருமுறை முடிவு செய்துவிட்டு அதை மாற்றாமல் இருப்பது, ஒவ்வொரு முறையும் எல்லோருக்கும் வசதியான நாளைத் தேடுவதைவிடப் பல மடங்கு பயன் தருகிறது. ஐந்து பேர் கொண்ட குழுவில் மூன்று பேர் வந்தால் ஆட்டம் நடக்கும் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். வராதவரின் கதாபாத்திரத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கும் முன்கூட்டியே விடை இருக்க வேண்டும். ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் கதாபாத்திரங்கள் ஊருக்கோ முகாமுக்கோ திரும்பிவிட வேண்டும் என்று விதி வைத்தால், அடுத்த முறை யார் வந்தாலும் அங்கிருந்து புறப்படலாம். பென் ராபின்ஸ் 'வெஸ்ட் மார்ச்சஸ்' என்ற பெயரில் நடத்திய கேம்பெயின் இந்த முறையைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது. அதில் நிலையான குழுவோ நிலையான நாளோ கிடையாது. எங்கே போவது, யார் யார் போவது, எப்போது கூடுவது என்பதை ஆட்டக்காரர்களே தீர்மானித்து நடத்துபவருக்குச் சொன்னார்கள். குழுவைக் கூட்டும் சுமை ஒருவர் தலையில் மட்டும் விழாமல் இருப்பதே அந்த முறையின் பெரிய பலன்.

அடுத்தது, தொடங்குவதற்கு முன் நடக்கும் உரையாடல். 'செஷன் ஜீரோ' என்று நாம் அழைக்கும் அந்தக் கூடுகையில் எந்த விதிகள், எவ்வளவு ஆபத்து, எவ்வளவு நகைச்சுவை, கதாபாத்திரங்களுக்குள் என்ன உறவு என்பவற்றோடு, மேசைக்கே வரக்கூடாத விஷயங்கள் எவை என்பதையும் பேசிவிட வேண்டும். முற்றிலும் தவிர்க்க வேண்டியவற்றையும், நடக்கலாம் ஆனால் விவரிக்கக் கூடாது என்பவற்றையும் பிரித்துக்கொள்ளும் வழக்கத்தை ரான் எட்வர்ட்ஸ் முன்வைத்தார். ஆட்டத்தின் நடுவே ஒருவர் ஓர் அட்டையைத் தொட்டாலே அந்தக் காட்சியை விளக்கம் கேட்காமல் விட்டுவிடும் 'எக்ஸ் கார்டு' முறை ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கியது. அறிமுகம் இல்லாதவர்கள் சேரும் குழுவுக்கு மட்டுமே இவை தேவை என்று சிலர் நினைக்கிறார்கள். நெடுநாள் நண்பர்கள் கூடும் மேசைக்குத்தான் இவை இன்னும் அதிகமாகத் தேவை என்பேன், ஏனென்றால் அங்கே யாரும் வாய்விட்டு மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

தயாரிப்பைப் பற்றி: நிகழப்போவதை எழுதி வைக்காதீர்கள், நிலைமையை எழுதி வையுங்கள். கோட்டையில் யார் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் எதை விரும்புகிறார்கள், யாரும் தலையிடாவிட்டால் மூன்று நாளில் என்ன ஆகும் என்ற மூன்று விவரங்கள் இருந்தால் ஆட்டக்காரர்கள் எந்த வாசல் வழியாக நுழைந்தாலும் சமாளிக்கலாம்.

சண்டைகளின் கால அளவையும் கணக்கிட்டுப் பாருங்கள். ஐந்து ஆட்டக்காரர்களுக்குத் தலைக்கு மூன்று நிமிடம், எதிரிகள் அனைவருக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு 20 நிமிடம் ஆகிறது. நான்கு சுற்று நீடிக்கும் ஒரு மோதல் 80 நிமிடத்தை எடுத்துக்கொள்கிறது. மூன்று மணி நேர அமர்வில் அப்படிப்பட்ட இரண்டு மோதல்களை வைத்தால் வேறு எதற்கும் இடம் இருக்காது. எதிரிகள் தோற்பது உறுதியானதும் அவர்களை ஓடவிடுவதும் சரணடையவிடுவதும் கதைக்கும் பொருந்தும், நேரமும் மிச்சமாகும்.

மறுமொழி 2

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் தொடக்கப் பதிவில் மறைமுகமாக உள்ள ஓர் எண்ணத்தை மறுக்க விரும்புகிறேன். நடத்தப்படாத நூல் வீணான நூல் என்ற கருத்து சரியல்ல. இந்த நூல்களைப் படிப்பதே தனித்த ஒரு பயன்பாடு. ஒரு குகையின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு, இந்த அறைக்கும் அந்த அறைக்கும் இடையே ஏன் இந்த வழி இருக்கிறது என்று யோசிப்பது ஆட்டத்தை நடத்துபவருக்கு நேரடியான பயிற்சி. 1978-இல் வந்த ரூன்குவெஸ்ட் ஆட்டத்தில் கதாபாத்திரத்துக்கு வீரர், மந்திரவாதி என்பது போன்ற வகுப்பு கிடையாது. பயன்படுத்திய திறன்களே வளர்கின்றன. அதை ஒருமுறையும் நடத்தாதவர்கூட, படித்த பிறகு தன் சொந்த ஆட்டத்தில் வெகுமதியைப் பற்றி வேறு விதமாகச் சிந்திக்கத் தொடங்குவார்.

மறுமொழி 3 (பழைய நூல்களைச் சேகரிப்பவர்)

முந்தைய பதிவோடு உடன்படுகிறேன். அதே சமயம், படிக்க வாங்குவது வேறு, சேகரிக்க வாங்குவது வேறு என்பதையும் சொல்ல வேண்டும். படிப்பதற்கும் நடத்துவதற்கும் மட்டுமே வேண்டுமென்றால் பழைய முதல் அச்சைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. அட்வான்ஸ்டு வரிசையின் மூன்று அடிப்படை நூல்கள் 2012-இலும், 1974 பெட்டி 2013-இலும் அதிகாரபூர்வமாக மறுபதிப்பாகின. பழைய சாகசங்கள் பலவும் மின்னூலாகவும், கேட்டால் அச்சிட்டுத் தரும் முறையிலும் கிடைக்கின்றன. மேசையில் விரித்து, பென்சிலால் குறித்து, பக்கம் மடிந்தாலும் கவலைப்படாமல் பயன்படுத்த அவையே ஏற்றவை.

பழைய அச்சையே தேடுபவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது அச்சு வரிசையை அடையாளம் காண்பது. இதற்கு மிகத் தெளிவான உதாரணம் 1980-இல் வந்த 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்'. அதன் தொடக்க அச்சுகளில் கதுலு கதைகளின் தெய்வங்களும் மெல்னிபோனே கதைகளின் தெய்வங்களும் இடம்பெற்றிருந்தன. நூல் 144 பக்கம். உரிமைச் சிக்கலால் அந்த இரண்டு பகுதிகளும் நீக்கப்பட்ட பிறகு வந்த அச்சுகள் 128 பக்கம். அட்டை ஒரே மாதிரி இருப்பதால் விற்பவருக்கே வேறுபாடு தெரியாமல் இருக்கலாம். பொருளடக்கப் பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்காமல் முடிவு செய்யக் கூடாது. 1981-இல் ஆரஞ்சு நிற அட்டையோடு அச்சான 'பேலஸ் ஆஃப் த சில்வர் பிரின்சஸ்' சாகசம், வெளியான உடனே வெளியிட்ட நிறுவனத்தாலேயே திரும்பப் பெறப்பட்டு, பெருமளவு மாற்றி எழுதப்பட்ட வடிவில் மீண்டும் வந்தது. அந்த முதல் வடிவம் இன்று சேகரிப்பாளர்கள் மிகவும் நாடும் ஒன்று.

இரண்டாவது, முழுமை. பெட்டியாக வந்தவற்றில் நூல் இருக்கும், வரைபடம் இருக்காது. வரைபடம் இருக்கும், அட்டைத் துண்டுகள் இருக்காது. 1977-இல் புதியவர்களுக்காக வந்த அடிப்படைப் பெட்டியில் முதலில் பகடைகள் இருந்தன. பின்னர் பகடைகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, வெட்டிப் பயன்படுத்தும் எண் துண்டுகளையும் பகடை பெறுவதற்கான கூப்பனையும் வைத்து அனுப்பினார்கள். ஆகவே பகடை இல்லாத பெட்டி குறையுள்ள பெட்டி என்று உடனே சொல்லிவிட முடியாது. எந்த அச்சில் என்ன இருந்தது என்ற பட்டியலை வைத்துக்கொண்டுதான் சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவது, நிலை. 1985-இல் வந்த 'அனெர்த்டு ஆர்கானா' நூலின் கட்டுமானம் பலவீனமானது. திறந்து படிக்கப் படிக்கப் பக்கங்கள் கழன்று வரும். அதன் நல்ல பிரதி என்றால் பெரும்பாலும் அதிகம் படிக்கப்படாத பிரதி. இப்படிப்பட்ட நூலை வாங்கி மேசையில் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை அடிப்படை விதிகள் எளியவை. காற்றின் ஈரப்பதம் சுமார் 35 முதல் 50 சதவீதத்துக்குள் ஏற்ற இறக்கமின்றி இருப்பது நல்லது. ஈரம் மிகுந்தால் பூஞ்சையும் பழுப்புப் புள்ளிகளும் வரும், மிகவும் வறண்டால் பசை வெடிக்கும். பி.வி.சி. உறைகளைத் தவிர்த்துவிட்டு பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறைகளைப் பயன்படுத்துங்கள். பி.வி.சி.யில் சேர்க்கப்படும் மென்மையூட்டி காலப்போக்கில் கசிந்து அட்டையின் மையோடு ஒட்டிக்கொள்ளும். கெட்டி அட்டை நூல்களைச் சாய்க்காமல் நேராக நிறுத்துங்கள். பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக உயரமாக அடுக்கினால் கீழே இருப்பவற்றின் மூலைகள் பிளக்கும். கிழிந்த வரைபடத்தைச் செலோடேப்பால் ஒட்டவே ஒட்டாதீர்கள். அந்தப் பசை காகிதத்தில் ஊறி மஞ்சளாகி விட்டால் பிறகு நீக்குவது மிகக் கடினம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்த நூல்களில் சில குறைந்த எண்ணிக்கையிலேயே அச்சானவை என்பதும், 1974 பெட்டியின் முதல் அச்சு வெறும் ஆயிரம் பிரதிகள்தான் என்பதும்தான். அவற்றை வைத்திருப்பவர் அடுத்து வரும் வாசகருக்காகவும் வைத்திருக்கிறார்.

தொடக்கப் பதிவர்

மிகவும் பயனுள்ள விளக்கம், நன்றி. பழைய உலோக உருவங்கள் சிலவற்றில் வெள்ளைத் தூள் படர்ந்திருப்பதைக் காண்கிறேன். அது வண்ணத்தின் குறையா, உலோகத்தின் குறையா?

மறுமொழி 4 (மினியேச்சர்களுக்கு வண்ணம் தீட்டுபவர்)

உலோகத்தின் சிக்கல்தான். பழைய உருவங்களில் ஈயத்தின் பங்கு அதிகம். சில மரங்களும், குறிப்பாக ஓக் மரமும், அட்டைப் பெட்டிகளும், சில பசைகளும் வெளியிடும் அசெட்டிக் அமில ஆவி ஈயத்தைத் தாக்கி, ஈயக் கார்பனேட் என்ற வெள்ளைத் தூளாக மாற்றிவிடுகிறது. மூடிய மர அலமாரியில் காற்றோட்டம் இல்லாமல் வைத்திருந்தால் இது விரைவாகப் பரவும். அந்தத் தூள் நச்சுத்தன்மை உடையது. ஊதவோ உலர்ந்த தூரிகையால் தட்டவோ கூடாது. கையுறை அணிந்து, ஈரமாக்கித் துடைத்து, பிறகு கையை நன்றாகக் கழுவ வேண்டும். அரிப்பு ஆழமாகப் போயிருந்தால் உருவத்தின் முகமும் விரல்களும் திரும்பி வராது. பாதிக்கப்படாத உருவங்களுக்குப் பிரைமரும் வார்னிஷும் பூசி, உலோக அல்லது கண்ணாடி அலமாரிக்கு மாற்றுங்கள். 1990களில் பல தயாரிப்பாளர்கள் ஈயமற்ற கலவைக்கு மாறினார்கள். வெள்ளீயம் மிகுந்த அந்த உருவங்களுக்கு இந்த நோய் வருவதில்லை.

வளைந்துபோன மென் பிளாஸ்டிக் வாள்களையும் ஈட்டிகளையும் பற்றிப் பலர் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன்: சுடுநீரில் சிறிது நேரம் அமிழ்த்தி, நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் வைத்தால் வடிவம் நிலைக்கும்.

வாங்குவதைப் பற்றி என் கருத்து இது. சதுரக் கட்டம் ஒன்று ஓர் அங்குலம், அது ஆட்டத்தில் ஐந்தடி என்ற வழக்கத்துக்கு 28 முதல் 32 மில்லிமீட்டர் அளவு உருவங்கள் பொருந்தும். ஆனால் பழைய 25 மில்லிமீட்டர் உருவங்களை இன்றைய உருவங்களோடு ஒரே காட்சியில் வைத்தால் மனிதர்கள் சிறுவர்களைப் போலத் தெரிவார்கள். ஆகவே ஒரே கால உருவங்களைச் சேர்த்து வைப்பது நல்லது. ஒருமுறை மட்டுமே தோன்றும் பெரிய அரக்கனுக்கு விலையுயர்ந்த உருவத்தைத் தேடுவதைவிட, ஆட்டக்காரர்களின் கதாபாத்திரங்களுக்கும், அடிக்கடி வரும் காவலர், கொள்ளையர், ஓநாய், எலும்புக்கூடு ஆகியவற்றுக்கும் நல்ல உருவங்களை வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு நிறுத்தி வைக்கும் காகித உருவங்களே போதும். ஐந்தாம் பதிப்பின் விதிகளில் கதாபாத்திரம் 20ஆம் நிலைவரை வளரலாம் என்றாலும், பெரும்பாலான கேம்பெயின்கள் 10ஆம் நிலையை எட்டும் முன்பே முடிந்துவிடுகின்றன. உயர்நிலை அரக்கர்களின் உருவங்கள் அலமாரியிலேயே தங்கிவிடுவதற்குக் காரணம் இதுதான். வண்ணம் தீட்டுவதே உங்கள் மகிழ்ச்சி என்றால் தாராளமாக வாங்குங்கள்; ஆட்டத்துக்காக என்று எண்ணி வாங்காதீர்கள்.

மறுமொழி 5 (மின்வழியில் ஆட்டம் நடத்துபவர்)

காகிதத்துக்கும் ஈயத்துக்கும் உள்ள ஆபத்தைப் போலவே மின்சேகரிப்புக்கும் ஆபத்து உண்டு என்பதை இங்கே யாரும் குறிப்பிடவில்லை. 2009 ஏப்ரலில், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் தன் ஆட்ட நூல்களின் பி.டி.எஃப். விற்பனையை முழுவதுமாக நிறுத்தியது. 2013-இல்தான் அவை மீண்டும் விற்பனைக்கு வந்தன. நான்காம் பதிப்புக்காகச் சந்தா முறையில் வழங்கப்பட்ட இணையக் கருவிகள் 2020 தொடக்கத்தில் மூடப்பட்டன. நூலின் கோப்பை இறக்கிக் கையில் வைத்திருப்பதும், ஒரு தளத்துக்குள் அதைத் திறந்து பார்க்கும் அனுமதியை வாங்குவதும் ஒன்றல்ல. ரோல்20 போன்ற இணைய மேசைகளில் வாங்கிய சாகசத்தை வேறொரு தளத்துக்கு எடுத்துச் செல்ல முடியுமா என்பதை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். தொலைவில் உள்ளவர்களைச் சேர்த்துவைக்கும் இந்தத் தளங்களால்தான் பல குழுக்கள் கலையாமல் இருக்கின்றன. அந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே செலவிட்ட பணத்தைச் சேகரிப்பு என்று எண்ணாமல் வாடகை என்று எண்ணினால் தெளிவு கிடைக்கும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு இன்னொன்று. 2000-இல் மூன்றாம் பதிப்போடு வந்த, அதன் விதிகளைப் பிறரும் தங்கள் நூல்களில் பயன்படுத்த அனுமதிக்கும் திறந்த ஆட்ட உரிமத்தை மாற்றும் முயற்சி 2023 ஜனவரியில் வெளியே தெரியவந்து, ஆட்டக்காரர்களும் சிறு வெளியீட்டாளர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். அதே மாத இறுதியில் நிறுவனம் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதி ஆவணத்தைத் யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய, திரும்பப் பெற முடியாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. இதனால் ஒரு நூலும் வாங்காமலேயே முழுமையான ஒரு கேம்பெயினை இன்று நடத்த முடியும். வாங்குவது தேவையிலிருந்து விருப்பமாக மாறிவிட்ட நிலையில், எதை விரும்புகிறோம் என்பதை நிதானமாகத் தீர்மானிக்கலாம்.

நூல் அச்சாகும் முன்பே பலரிடம் பணம் திரட்டும் கூட்டு நிதித் திட்டங்களைப் பற்றிச் சுருக்கமாக: எழுத்து வேலை முடிந்துவிட்டதா, அனுப்பும் செலவு இப்போதே சொல்லப்பட்டிருக்கிறதா, முந்தைய திட்டத்தை ஒப்புக்கொண்டபடி முடித்தார்களா என்ற மூன்றையும் பாருங்கள். தற்போதைய கேம்பெயினுக்குத் தேவையான எதையும் அவ்வழியில் வாங்காதீர்கள். பெட்டி வந்து சேரும்போது அந்தக் கேம்பெயின் முடிந்திருக்கக் கூடும்.

மறுமொழி 1-இன் பதிவர் மீண்டும்

பதிப்பு மாற்றம் குறித்த கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. நடந்துகொண்டிருக்கும் கேம்பெயினின் நடுவே பதிப்பை மாற்ற வேண்டாம். புதிய விதிகள் எவ்வளவு சீராக இருந்தாலும், ஆட்டக்காரர்கள் தங்கள் கதாபாத்திரத்தைப் பழைய விதிகளின் வழியாகத்தான் அறிந்திருக்கிறார்கள். மாற்றினால் இரண்டு மூன்று அமர்வுகள் விதி விவாதத்திலேயே கழியும். அந்தக் கேம்பெயின் முடிந்த பிறகு, குழுவோடு கலந்து பேசி, ஒரே அமர்வில் முடியும் சிறு சாகசத்தில் புதிய விதிகளைச் சோதித்துவிட்டு முடிவெடுங்கள். பழைய பதிப்பின் சாகசங்கள் இதனால் பயனற்றுப் போவதில்லை. வரைபடமும், மனிதர்களும், அவர்களின் நோக்கங்களும் எந்தப் பதிப்புக்கும் பொருந்தும். எதிரிகளின் எண் விவரங்களை மட்டும் இப்போதைய நூலிலிருந்து எடுத்து வைத்தால் போதும்.

நடத்துபவரின் களைப்பையும் பேச வேண்டும், ஏனெனில் பல குழுக்கள் கலைவது அதனால்தான். 1987-இல் வந்த ஆர்ஸ் மாஜிகா என்ற ஆட்டம், நடத்தும் பொறுப்பைக் குழுவினர் மாறி மாறி ஏற்பதை விதிகளிலேயே சேர்த்தது. எந்த ஆட்டத்துக்கும் அதைக் கொண்டுவரலாம். உலகம் ஒன்றே, ஆனால் வடக்கு மலைப்பகுதி ஒருவர் பொறுப்பு, துறைமுக நகரம் இன்னொருவர் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டால், ஒருவர் ஓய்வெடுக்கும்போதும் ஆட்டம் நிற்பதில்லை. இதற்குத் தேவையானது பொதுவான ஒரு குறிப்பேடு மட்டுமே: ஆட்ட உலகில் இன்று என்ன தேதி, யார் எங்கே இருக்கிறார், எந்த வாக்குறுதி நிறைவேறாமல் இருக்கிறது. ஆட்ட உலகின் காலத்தைக் கண்டிப்பாகக் கணக்கு வைக்க வேண்டும் என்று அட்வான்ஸ்டு வரிசையில் 1979-இல் வந்த நடத்துநர் நூலே வலியுறுத்துகிறது. பல கதாபாத்திரங்கள், பல நடத்துநர்கள் கொண்ட குழுவில் அதன் அருமை நன்றாகப் புரியும்.

தொடக்கப் பதிவர்

எல்லோருக்கும் நன்றி. இங்கே வந்த கருத்துகளை எங்கள் குழுவோடு பேசிச் சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். கிழமை மாறாது, மூவர் வந்தால் ஆட்டம் உண்டு. அடுத்த சாகசத்தை வாங்குவதற்கு முன், ஏற்கெனவே அலமாரியில் இருப்பவற்றின் சுருக்கத்தைப் பெயர் சொல்லாமல் ஆட்டக்காரர்களுக்குப் படித்துக் காட்டி, அவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அதை நடத்தப்போகிறோம். பழைய அச்சு நூல்களைத் தனிப் பட்டியலாக்கி, மேசைக்கு அவற்றின் மறுபதிப்பை மட்டும் கொண்டுவருவோம். உலோக உருவங்களை மர அலமாரியிலிருந்து எடுக்கும் வேலை தொடங்கிவிட்டது.

நடத்தும் பொறுப்பைப் பகிர்வதில் ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது. இதுவரை ஆட்டக்காரராக மட்டுமே இருந்த ஒருவர் முன்வந்திருக்கிறார். அவருக்கு முதல் சாகசமாக எதைக் கொடுப்பது என்று தெரியவில்லை.

மறுமொழி 1-இன் பதிவர்

பெரிய நூல் எதையும் கொடுக்காதீர்கள். பத்து அறைகளுக்கு மேல் போகாத ஓர் இடம், அதில் ஒன்றோடொன்று பகை கொண்ட இரண்டு கூட்டங்கள், இரு தரப்புக்கும் வேண்டிய ஒரு பொருள் என்ற அளவில் அவரே ஒரு தாளில் எழுதட்டும். தான் எழுதியதை ஆட்டத்தின் நடுவே தேடிப் பார்க்க வேண்டியிருக்காது. அந்த அமர்வில் நீங்கள் ஆட்டக்காரராக உட்காருங்கள். அவராகக் கேட்டாலன்றி விதிகளைத் திருத்த வேண்டாம். அமர்வு முடிந்ததும், அடுத்த அமர்வுக்கான நாளை அவரையே அறிவிக்கச் சொல்லுங்கள்.